ஆஸ்பத்திரிக்குப் போன நாளின் கூலி

ஆந்திர எல்லையோர மண்டலமான எங்கள் ராமகுப்பத்தில் மாத்திரையை முழு அட்டையாக வாங்குகிறவர்கள் குறைவு. எண்ணி வாங்குகிறவர்கள்தான் அதிகம். "பி.பி. மாத்திரை நாலு குடுக்கா", "சுகர் மாத்திரை சனிக்கிழமை வரைக்கும் வந்தாப் போதும்மா" என்று கேட்பார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் நாள். நான் இங்கே மருந்துக் கடை நடத்துகிறவள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருக்கும். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஏதாவது ஒரு துண்டோடு போய்விடும். மற்றத் துண்டுகளை வாங்கியவர்கள் கையில் இருப்பது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. அடுத்த தடவை நிறத்தையும் அளவையும் சொல்லித்தான் கேட்பார்கள்.

நான் காசுக்கு விற்கும் இந்த அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அது கடலுக்கு அப்பாலும் இல்லை, ஊரிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிற ஒரு கூலிக்காரப் பெண், இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு என்னிடம் ஏன் காசு கொடுத்து வாங்குகிறாள்? என் பிழைப்பு நடப்பதே அவளால்தான். ஆனாலும் இந்தக் கேள்வியை நான்தான் கேட்டாக வேண்டும், ஏனென்றால் தினமும் அவள் வந்து நிற்பது என் எதிரில்.

அவளைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "அங்க போனா அன்னைக்கி வேலை போச்சும்மா." புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் பகல். களை எடுக்கும் நேரமும் தக்காளி பறிக்கும் நேரமும் அதே பகல். நூறு நாள் வேலைக்கு ஆந்திரத்தில் 2025-26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 307 ரூபாய். அந்த ஒரு நாளை விட்டு இலவச மாத்திரை வாங்குவதைவிட, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னிடம் நாலு மாத்திரை வாங்குவது அவளுக்கு லாபம். அவள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு அவள் உடம்பு கொடுக்கும் விலை வேறு. யாரும் அவள் ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை. மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஆளில்லை. மழை பெய்து வேலை நின்ற வாரத்தில் மாத்திரையும் நிற்கும்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். வைத்தியச் செலவு என்றால் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுப்பது என்று அரசாங்கங்கள் எண்ணுகின்றன; அந்தச் செலவைக் குறைக்க நிஜமாகவே பாடுபட்டும் இருக்கின்றன. ஆனால் எங்கள் மண்டலத்தில் வைத்தியத்தின் பெரிய செலவு ஒரு பகலை இழப்பது. அந்தப் பகலை யார் இழக்க முடியும், யாரால் முடியாது என்பதில்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. சாதி, பாலினம், மொழி, மாநில எல்லை எல்லாம் அந்தப் பகலை இன்னும் நீளமாக்குகின்றன.

டால்காட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1951-ல் எழுதிய நூலில், நோயாளி என்பது சமூகம் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு பாத்திரம் என்றார். நோயாளி வழக்கமான கடமைகளிலிருந்து விலக்குப் பெறுகிறார். பதிலுக்கு, நல்ல வைத்தியரைத் தேடிப்போய்க் குணமாக முயல வேண்டும். படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, எங்கள் ஊரில் இந்தப் பாத்திரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். மண்டல ஆபீசில் வேலை செய்கிறவருக்குக் கிடைக்கிறது. அவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு, சம்பளம் பிடிக்க மாட்டார்கள். நிலம் வைத்திருக்கும் பெரிய வீட்டு மனிதருக்கும் கிடைக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை.

பட்டுப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குப்பம், ராமகுப்பம், பலமநேர் பக்கம் மல்பெரித் தோட்டம் நிறைய. முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டும்வரை ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதில் கடைசிப் பருவம் ஒரு வாரம் போல. அந்த வாரத்தில்தான் புழு தின்னும் இலையில் பெரும்பங்கு தின்று தீரும். விடியற்காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று இலை வெட்டிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் கூடு இளைக்கும், விலை விழும். வீட்டில் எல்லோரும் அந்தக் கொட்டகையில்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி வரச்சொன்ன தேதி அந்த வாரத்தில் விழுந்தால், புழுவை விட்டுவிட்டுப் போகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை. கொட்டகைக்கு அடிக்கும் மருந்து நெடியில் மூச்சு இழுக்கும் பெண்கள் அந்த வாரம் முழுக்க என்னிடம் இன்ஹேலர் கேட்பார்கள். அது விலை ஜாஸ்தி என்றால் மாத்திரையாகக் கொடு என்பார்கள். சீட்டு கொண்டுவா என்றால், கூடு கட்டட்டும், அப்புறம் போகிறேன் என்பார்கள். கூடு விற்ற பிறகு மூச்சிழுப்பு குறைந்திருக்கும். டாக்டரிடம் போகும் யோசனையும் போயிருக்கும்.

இளைஞர்கள் கதை இன்னொரு மாதிரி. குப்பத்திலிருந்து பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் இருட்டில் பைக்கில் குப்பம் போய் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்கள். கட்டட வேலை, காவல் வேலை, கடை வேலை. திரும்பி வரும்போது மறுபடியும் இருட்டு. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு சர்க்கரை இருக்கிறது என்று முதலில் தெரிய வந்ததே என் கடை மிஷினில் விரலைக் குத்திப் பார்த்தபோது என்றால், அவர் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? அவர் ஊரில் இருக்கும் நேரத்தில் எந்த டாக்டர் அறையும் திறந்திருக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் எங்கள் மண்டலத்தை வரைபடத்தில் பார்த்தால், இங்கே ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லையே என்பார்கள். உண்மை. குப்பத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. திருப்பதியில் ரூயாவும் சுவிம்ஸும். எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாரில் மருத்துவக் கல்லூரி. இன்னொரு எல்லைக்கு அப்பால் வேலூர் சி.எம்.சி.; வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி அங்கே வருகிறார்கள். ஆனால் வங்காளத்திலிருந்து வருகிறவர் நிலத்தை விற்று, மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கத் தயாராகி வருகிறார். எங்கள் ஊர்ப் பெண்ணுக்குப் போன அன்றே திரும்ப வேண்டும். அவளோடு துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும். ஆக இரண்டு பகல், இரண்டு கூலி, பஸ், சாப்பாடு. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு என்று சொன்னால் கணக்கு இரட்டிப்பாகும்.

வேலூர் ஆஸ்பத்திரியின் தொடக்கத்தையே நினைத்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் ஒரு டாக்டரின் வீட்டுக்கு வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். அந்த வீட்டிலிருந்த டாக்டர் ஆண் என்பதால் அவரை வேண்டாம் என்றார்கள். அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். டாக்டர் இருந்தார், ஆனால் அவர் அந்தப் பெண்களுக்கு எட்டவில்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். நான் அதிகம் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததை. குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், மரத்தடிகளில் நிறுத்தி, அங்கே காத்திருக்கும் கிராமத்து ஜனங்களைப் பார்த்தார். சாலையோர வைத்தியம் என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தியம் என்றால் வர முடியாதவர்கள் செத்துப்போவார்கள் என்பது அந்த அம்மாவுக்கு அன்றே புரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் வேலூருக்கும் எங்களுக்கும் நடுவே கோடு ஏதும் கிடையாது. சித்தூர் மாவட்டமே 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்து உண்டாக்கப்பட்டது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். மொழிவாரி மாநிலம் வந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் காட்டுக்கோ, கல்யாண உறவுக்கோ, நோய்க்கோ அந்தக் கோடு தெரியாது. கௌண்டின்யா காட்டு யானைகள் மூன்று மாநிலத்துக்கும் போய் வருகின்றன. வாணியம்பாடியில் அக்கா, பங்காருப்பேட்டையில் சித்தப்பா என்று இருக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. உடம்பு சரியில்லை என்றால் உறவுக்காரர் வீடு இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரிக்குத்தான் மனம் ஓடும். அங்கே படுக்க இடமும் ஒரு வாய் கஞ்சியும் கிடைக்கும். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் அந்த வழியில் வருவதில்லை. கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்த பெண்ணின் பெயர் அப்பா வீட்டுக் கார்டில் இருக்கும், பிரசவம் இங்கே ஆகும். பெயர் மாற்றுவதற்கு மறுபடியும் பகல்கள்.

2020 ஏப்ரலில் அந்தக் கோடு நிஜமாகவே சுவராக எழும்பியது. கொரோனா ஊரடங்கின்போது குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும், பொன்னைப் பக்கமும், ஆந்திரத்துக்கு வரும் சாலைகளின் குறுக்கே வேலூர் மாவட்ட நிர்வாகம் சுவர் கட்டியது. சித்தூர்ப் பக்கத்து நோயாளிகள் வேலூருக்குப் போகும் பாதைகள் அவை. எதிர்ப்பு வந்து சுவரை இடித்தார்கள். இடித்தது நல்லது. ஆனால் சுவர் இல்லாத நாளிலும் அட்டை இல்லாதவருக்கு எல்லை அங்கேயேதான் நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்தில் பெண்களுக்கு பஸ்ஸில் இலவசப் பயணம் வந்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன், மாத்திரை வாங்க வரும் பெண்களின் முகத்திலேயே அந்த நிம்மதியைப் பார்க்கிறேன். மாநிலம் தாண்டும் பஸ்ஸில் அது செல்லாது. ஒரு பெண் அதிகம் செலவழித்துப் போகும் பயணமே அதுதான்.

காப்பீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2007-ல் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் வந்த ஆரோக்யஸ்ரீ, பெயர் மாறி மாறி இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவையாக இருக்கிறது. இதய ஆபரேஷனுக்கும் புற்றுநோய்க்கும் வீட்டை விற்றவர்கள் இருந்த ஊரில், அந்த அட்டை எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். 2023 டிசம்பரில் அதன் வரம்பை 25 லட்சமாக்கினார்கள். 2019-ல் பெங்களூர், சென்னை, ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும் என்றார்கள். அதே 2019 டிசம்பரில் இன்னொன்றும் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருப்பவருக்கு நாளுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 வரை. ஆரோக்ய ஆசரா என்று பெயர். எனக்குத் தெரிந்து, நோயாளி இழக்கும் கூலியும் வைத்தியச் செலவுதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. ஆனால் அது ஆபரேஷன் ஆனவர்களுக்கு. ஆபரேஷன் வரை போகாமல் காப்பாற்றக்கூடிய பி.பி. நோயாளி, மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க இழக்கும் பகலுக்கு எதுவும் இல்லை. பக்கவாதம் வந்து விழுந்தால் லட்சக்கணக்கில் கொடுக்க அட்டை தயாராக இருக்கிறது. விழாமல் இருக்க உதவும் ஒரு சாயங்காலத்தைக் கொடுக்க யாருமில்லை.

தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைகளைப் பார்த்தால், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-ல் நூற்றுக்கு 64-க்கு மேல் இருந்தது, 2021-22-ல் 39 சொச்சத்துக்கு வந்துவிட்டது. நல்ல செய்திதான். அந்தக் கணக்கில் இழந்த கூலி ஏறாது. களை எடுக்கப் போகாத நாளுக்கு ரசீது கிடையாது.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். 1971-ல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரை, எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு, எங்கே நோய் குறைவோ அங்கே வைத்தியம் கொட்டிக் கிடக்கிறது என்று காட்டியது. வைத்தியத்தைச் சந்தைக்கு விடவிட இந்தத் தலைகீழ் இன்னும் முற்றும் என்றது. பிரிட்டனில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாகி இருபது வருஷம் கழிந்த பிறகு எழுதியது அது. அவர் எழுதியதோடு நிற்கவில்லை. வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வராதவர்களை மறந்துவிடாமல், பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு ஊரில் பெரியவர்கள் எல்லோரையும் தேடிப்பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, அந்த ஊரில் அகால மரணம் பக்கத்து ஊரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. செலவு பெரிதில்லை: பட்டியல், அழுத்தம் பார்க்கும் கருவி, வீடு வீடாகப் போகும் கால்.

எங்களுக்கும் ஒரு சுரங்கம் உண்டு. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போய் மண்ணுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். 1940-களில் அங்கே தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கல்தூசி நோய் இருப்பது தெரிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எங்கோ போனது. இருமல், வேலை தேடிப் புறப்பட்ட ஊர்களுக்கே திரும்பி வந்தது. யாருக்கு என்ன நோய் வரும் என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை, யார் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதும் தீர்மானிக்கிறது என்பதற்கு நாங்கள் புத்தகம் தேட வேண்டியதில்லை.

மொழிக்கு வருகிறேன். எங்கள் மண்டலத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது, தாண்டா என்கிற லம்பாடிக் குடியிருப்புகளில் லம்பாடி. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆங்கிலம். தாண்டாவிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் ஏழாம் வகுப்புப் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு என் கடைக்கு வந்தார். சீட்டில் இடுப்பு வலி என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். பேரனை வெளியே பிஸ்கட் வாங்க அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரிந்த தெலுங்கில் நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தபோதுதான், மாதவிடாய் நின்று பல வருஷமான பிறகும் ரத்தம் படுவது தெரிந்தது. கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய அறிகுறி அது. பேரன் வாய் வழியாக ஒரு பாட்டி அதை எப்படிச் சொல்வார்? எங்களூர்ப் பெண் ஒருத்தியைத் துணையாக்கி மறுபடி அனுப்பினோம். இரண்டாவது பகலையும் இழந்தார் அந்த அம்மா.

1848-ல் ருடால்ஃப் விர்ஷோ என்ற இளம் டாக்டரை, டைஃபஸ் காய்ச்சலை ஆராய மேல் சிலேசியாவுக்கு பிரஷ்ய அரசு அனுப்பியது. அங்கே ஏழை ஜனங்கள் பேசியது போலிஷ்; ஆள்கிறவர்கள் பேசியது ஜெர்மன். விர்ஷோ திரும்பி வந்து எழுதிய மருந்துச் சீட்டில் மக்களாட்சி, கல்வி, நியாயமான வரி, அவர்கள் மொழிக்கு இடம் எல்லாம் இருந்தன. மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. எல்லையோர மண்டலம் ஒன்றில் மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தச் சீட்டின் ஒவ்வொரு வரியும் புரிகிறது.

சாதியைப் பற்றி எங்கள் பக்கம் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள், ஆனால் அது எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஒரு ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆஷா பணியாளர்களில் தலித் தெருக்களிலிருந்தே வந்த பெண்கள் இருக்கிறார்கள். இருந்தும் ஊர்த் தெருவில் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு, அந்தத் தெருவுக்கு வரும்போது முனையிலேயே நின்று குரல் கொடுத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுக்கும் மாத்திரை எண்ணிக்கையில் குறையாது. ஆனால் கைக்குழந்தையின் மூச்சு எப்படி ஓடுகிறது என்பது தெரு முனையிலிருந்து தெரியாது.

பெண்கள் தங்களுக்கென்று கடைசியில்தான் வாங்குவார்கள். புருஷனுக்கு சுகர் மாத்திரை, பையனுக்கு இருமல் மருந்து எல்லாம் வாங்கி, மீதிச் சில்லறையில் "எனக்கு ரெண்டு வலி மாத்திரை போடுக்கா." தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ன்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 58.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு வலி என்று அவர்கள் சொல்வதில் பாதி ரத்தமில்லாத அசதி. அதற்கு மேலே வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ரத்தம் பரிசோதித்துப் பார் என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

இந்த இடைவெளியில்தான் ஆர்.எம்.பி. டாக்டர்கள் இருக்கிறார்கள். பட்டம் இல்லாதவர்கள், யாரோ டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து ஊசி போடக் கற்றவர்கள். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கண்டபடி கொடுத்துக் கெடுத்த உடம்புகளை நான் அறிவேன். நான் அவர்களை ஆதரிக்கவில்லை. ஆனால் 2016-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, இந்தியாவில் அலோபதி பார்ப்பதாகச் சொன்னவர்களில் 57 சதவீதம் பேருக்கு மருத்துவப் படிப்பே இல்லை என்றது. அவர்கள் ஏன் பிழைக்கிறார்கள்? ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் பைக்கில் வருகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து, வீட்டு மொழியில் கேட்கிறார்கள். பணம் கூடு விற்ற பிறகு என்றால் சரி என்கிறார்கள். யாருடைய பகலையும் அவர்கள் கேட்பதில்லை. அவர்களைப் பிடித்துப் போடுவதோடு அரசு நிறுத்தினால் அந்த ராத்திரி எட்டு மணிக்கு என்ன வழி?

வழி இல்லாமல் இல்லை. எங்களை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து, மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகிறார். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆந்திரத்தில் 2023 ஏப்ரலில் குடும்ப டாக்டர் திட்டம் வந்தது. 104 என்ற நடமாடும் மருத்துவ வண்டியோடு டாக்டர் கிராமத்துக்கே போவதாக ஏற்பாடு. 2025 ஜூலையில் குப்பத்தில் டாடா நிறுவனத்தோடு சேர்ந்து டிஜிட்டல் நெர்வ் சென்டர் தொடங்கினார்கள்; நோயாளிகளின் விவரத்தைக் கணினியில் இணைத்துத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு. முதலமைச்சரின் தொகுதி என்பதால் எங்களுக்கு இப்படிப்பட்டவை முதலில் வருகின்றன. கணினியில் என் வாடிக்கையாளரின் பெயர் ஏறட்டும், நல்லது. ஆனால் அவர் ஊரில் இருக்கும் நேரத்தில் அவர் முன் ஒரு டாக்டர் உட்கார வேண்டும்.

2013-ல் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் தொடங்கியபோது, நகரத்து ஏழைகள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் முடிந்தவரை மதியம் 12 முதல் இரவு 8 வரை இயங்கட்டும் என்று அதன் வழிகாட்டுதலில் எழுதினார்கள். நகரத்துக் கூலிக்காரருக்குப் புரிந்த நியாயம் கிராமத்துக் கூலிக்காரருக்கு ஏன் பொருந்தாமல் போனது? களை எடுக்கிறவர் பகலில் சும்மா இருக்கிறார் என்றா நினைத்தார்கள்?

வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நான்கு முதல் எட்டு வரை மண்டலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இருக்கட்டும். அந்த நாளின் காலையில் அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள். நிலையாக இருக்கும் பி.பி., சுகர் நோயாளிக்கு மூன்று மாதத்துக்கான மாத்திரையை ஒரே தடவையில் கொடுங்கள். நடுவில் அழுத்தம் பார்க்கும் வேலையை ஆஷா பணியாளரிடம் விட்டு, அதற்கு நியாயமான சம்பளமும் கொடுங்கள். இன்று அவருக்குக் கிடைப்பது அவர் நடக்கும் தூரத்துக்கு ஈடாகாது. எல்லையோர மண்டலங்களில் மூன்று மாநில அட்டையும் மூன்று மாநில அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லட்டும். லம்பாடி பேசும் ஒரு பெண்ணாவது ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டு எழுதும் இடத்தில் இருக்கட்டும்.

சாயங்காலத்தில் நர்சுகள் எப்படித் திரும்புவார்கள், யானை நடமாட்டம் உள்ள சாலையாயிற்றே என்று ஒரு சுகாதார ஊழியர் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி, இந்தச் சாலைகளில் இருட்டிய பிறகு நானே தனியாகப் போக மாட்டேன். அவர்களைக் கொண்டுவந்து திரும்ப விட வண்டி வேண்டும். 104 வண்டிகள் பகலில் கிராமம் கிராமமாகப் போகின்றன, ஆள் இல்லாத தெருக்களில் நிற்கின்றன. முதலில் அந்த வண்டியின் நேர அட்டவணையை மாற்றிப் பாருங்கள். ஆறு மணிக்கு எங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றால், வயலிலிருந்து திரும்புகிறவர்கள் அதைத் தாண்டித்தான் என் கடைக்கு வர வேண்டும்.